கூடை நிறைந்த சூரை

கடலுக்கே சோறு பொங்கப் போன மகராசருக்கு,

கோவாவுக்கு வரும் உங்கள் கப்பலுக்குச் சாமான் ஏற்ற உங்கள் தம்பி அங்கே போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே சமையலுக்கு இருக்கட்டுமா என்று போனில் கேட்டீர்கள். "இருங்க, குறட்டைச் சத்தமில்லாம தாராவியே நிம்மதியாத் தூங்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று மார்க்கெட்டில் கூடை கூடையாய்ச் சூரைமீன். பக்கத்து வீட்டு மாரிசெல்விக்கு ஒரே சந்தோஷம். "மைனி, கடல் அள்ளித் தருது பாருங்க! அண்ணன் போனதுலேர்ந்து நீங்களும் எந்நேரமும் சிரிச்சிக்கிட்டே திரியுதீய!" என்றாள்.

அதற்கும் சிரித்தேன்.

அப்போதுதான் கடலை ஆராய உங்கள் கப்பலில் வந்திருக்கிற விஞ்ஞானிகள் பேசிக்கொண்டதாக நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அரபிக்கடலில் மேல்தண்ணீர் சூடேறிக் கனமில்லாமல் மிதக்கிறதாம், மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு அடியில் இறங்கமாட்டேன் என்கிறதாம். கீழே மூச்சுமுட்டுகிற மீனெல்லாம் மேலே வந்து வலையில் விழுகிறதாம். "அப்ப நீங்க அடியில போயி விசிறிவிடுங்க" என்று அன்றைக்கும் கேலிதான் செய்தேன். நேற்று மாரிசெல்வி சொன்ன என் சிரிப்பையும் நினைத்துக்கொண்டு அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாங்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன், அதையும் சாப்பிடவில்லை.

ஆறு மாதம் வேண்டாங்க. கோவாவிலேயே இறங்கி வந்துவிடுங்கள். கப்பலுக்கு வேறு சமையற்காரர் கிடைப்பார்.

இப்படிக்கு,
கடைசி மூன்று வரியைக் கேலியில்லாமல் எழுதியவள்