குறைந்தது மூன்று

மார்ச் 4, செவ்வாய்

கணித இதழின் நடுவரிடமிருந்து என் கட்டுரைக்கு அறிக்கை வந்திருக்கிறது. ஒரே கேள்வி: மூன்றாவது தீர்வும் இரண்டாவது தீர்வும் வேறு வேறுதான் என்பதற்கு ஆதாரம் எங்கே? மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

சுகுமாறன் என் துறைத் தலைவர், இந்தக் கட்டுரையில் கூட்டாளியும்கூட. படித்துவிட்டு, "ரெண்டுன்னு மாத்தி அனுப்பிடலாம் மலர். சேஃப் லா" என்றார்.

சேஃப்! மூன்று வருடம் இந்தச் சமனின்மையோடு குடித்தனம் நடத்தியது நான். அவர் செய்தது காற்புள்ளி திருத்தியது.

மார்ச் 5, புதன்

இராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் குரு கேட்டார், "அப்படி என்னதான் எண்ணுற?"

"கோயில் திருவிழாவுல கேன்வஸ் துணிப் பந்தல் கட்டுறாங்க, கீழ ஒரு மேசை. துணி மேசையைத் தாண்டிக் கீழ போக முடியாது. மழைத்தண்ணி அழுத்துது. அது எத்தனை விதமா சமநிலையில நிக்க முடியும்? அதைத்தான்."

"ரெண்டுன்னு போட்டுட்டுப் போயேன். ஏப்ரல்ல உன் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கிறது சுகுமாறன் கையிலதானே?"

கோபம் வந்தது. குரு சொன்னது உண்மை, அதனால் இன்னும் அதிகமாக வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நடுவர் கேட்டது நியாயம். இரண்டாம் தீர்வின் ஆற்றல் மட்டம் மூன்றாவதைவிடக் குறைவு என்று எழுதியிருக்கிறேன். நிரூபித்திருப்பதோ 'குறைவு அல்லது சமம்'. சமமானால்? ஒரே தீர்வை இரண்டு முறை எண்ணித் தொலைத்திருக்கிறேன். மடச்சி.

ஆனாலும் இரண்டு இல்லை. எனக்குத் தெரியும். — தெரியுமா?

மார்ச் 14, வெள்ளி

சமமில்லை என்று காட்ட எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

சுகுமாறன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மூணுன்னுதான் அனுப்புவேன்னா என் பேர எடுத்துடு."

"சரி சார். ஈமெயில்ல போட்டுடுங்க."

போட்டுவிட்டார். பக்கத்து மேசை ஹலீமா, "நோன்பு நேரத்துல சிரிக்க வைக்காத. உனக்குத் திமிரு ஜாஸ்தி" என்றாள். திமிர்தான். என்னிடம் இப்போது வேறு என்ன இருக்கிறது? நிரூபணம்கூட இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கிள்ளானிலிருந்து வந்த கொமியூட்டர் ரயில் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. எரிச்சல். சமமில்லை, சமமில்லை என்று இன்னும் எத்தனை நாள் இதனிடம் கெஞ்சுவது? சரி, சமமாவே இருந்துட்டுப் போ. அப்புறம் என்ன?

அப்புறம் — ஐயோ!

இரண்டு மட்டங்களும் ஒன்றானால் அங்கே ஒரே தீர்வு மட்டும் இருக்க முடியாது. முடிவில்லாமல் இருந்தாக வேண்டும். பழைய தேற்றம். மாணவர்களுக்கு நானே நடத்தியது! மட்டங்கள் வேறானால் மூன்று. சமமானால் எண்ணி மாளாது. எப்படிப் புரட்டினாலும் இரண்டு இல்லை.

மாறி ஏற வேண்டிய காஜாங் ரயில் போனால் போகட்டும் என்று, நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

மார்ச் 27, வியாழன்

அனுப்பியாயிற்று. என் பெயரில்.

ஏப்ரல் 11, வெள்ளி

கான்ட்ராக்ட் ஆறு மாதத்துக்குத்தான். மற்றவர்களுக்கு இரண்டு வருடம். பார்த்துக்கொள்ளலாம். குரு டீ போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

இதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் சுகுமாறன் என் மேசைக்கு வந்து நின்றார். "என் பேரையும் சேத்துக்கலாமே மலர். டீம்வொர்க் லா."

மார்ச் மாத ஈமெயிலை அவருக்கே திருப்பி அனுப்பினேன். காற்புள்ளிகளுக்காக நன்றி வரியில் அவர் இருக்கிறார்.

தீர்வுகள்: குறைந்தது மூன்று.
ஆசிரியர்: சரியாக ஒருவர்.