சேடியான சேடை

உங்கள் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மேலே உங்கள் படம்: பொன்னாடை, மாலை, அந்தப் பாதிச் சிரிப்பு. மலருக்கு எழுத மாட்டேன், ஐயா. உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் நீங்கள் திண்டிவனத்தில் பழந்தமிழ்ப் பேராசிரியர். நான் விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியன். சனிக்கிழமைதோறும் பாசஞ்சரில் வந்து உங்களிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். நீங்கள் பதிப்பித்த சுவடிதான் பொருள். அதில் ‘சேடை மிதித்த அடி’ என்றிருந்ததை ‘சேடி மிதித்த அடி’ என்று திருத்தி, பணிப்பெண் தலைவியின் காலை மிதித்துப் பிடித்துவிட்டதாக நான்கு பக்கம் விளக்கியிருந்தீர்கள். உங்கள் துறைத்தலைவர் நாற்காலியே அந்த நான்கு பக்கத்தின் மேல்தான் நின்றது.

சேடை என்றால் நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுத சேறு. எங்கள் ஊர் காணையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுவடியில் இருந்தவள் நடவு நட்ட பெண். அவளை அரண்மனையில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

இதை நான் சொன்னபோது சிரித்தீர்கள். “ஏடு எழுதுனவன் தப்பு பண்ணிட்டான்னு நான் திருத்தினேன். இப்ப நீ என்னைத் திருத்த வந்துட்டியாய்யா?”

“எங்கம்மா இன்னிக்கும் சேடையிலதாங்க நட்டுக்கினு இருக்காங்க.”

“உங்கம்மா எந்தக் காலேஜு?”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

காணைப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நீங்கள் பேச வந்தபோது அம்மாவே கேட்டாள்: “சேடை தெரியாதுங்களா ஐயா? அதுல எறங்காம சோறு எங்கேர்ந்துங்க வரும்?”

நீங்கள் சற்றும் தடுமாறவில்லை. “அது உங்க சேடைம்மா. ஏட்டுல இருக்கறது வேற.”

அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். “பாவம்டா, வயலையே பார்த்ததில்ல போலருக்கு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறு சனிக்கிழமை, ஆய்வேட்டிலிருந்து சேடை பற்றிய இயலை எடுத்தால்தான் கையெழுத்து என்றீர்கள். எடுக்கவில்லை. பட்டமும் வரவில்லை, பள்ளி ஆசிரியனாகவே ஓய்வு பெற்றேன். உங்கள் நூலோ, அதே சேடியோடு மூன்று பதிப்பு கண்டது.

படிக்காதவரை நான் இகழ்ந்ததில்லை. தெரிந்துகொள்ள மறுத்த படிப்பாளி நீங்கள். உங்களை இன்றும் இகழ்கிறேன்.

இப்போதும் மாலையில் சில பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். சென்ற வாரம் கெடார் கிராமத்திலிருந்து வரும் பெண் ஒருத்தியின் கட்டுரையில் எனக்குத் தெரியாத ஒரு சொல். பிழையென்று சுழிக்கப் பேனா தானாகவே போனது. உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, பேனாவை மூடிவைத்தேன்.

“இதை உங்க வீட்ல யாரும்மா சொல்லுவாங்க?” என்று கேட்டேன்.