கழுத்துக்குப் பின்னால் ஒரு கை

ஜூன் 9, 2024, பேரையூர்

பேச்சிமுத்து மாமா வந்திருந்தார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், இப்போது டி. கல்லுப்பட்டியில் முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர். சட்டமன்றக் குழு ஒன்று மதுரைக்கு வருகிறதாம். மனு கொடுத்தால் நேரில் கூப்பிட்டுக் கேட்பார்களாம்.

"ஹவில்தார் அழகுபாண்டி மக டிகிரி படிச்சிருக்கு. நீயே எழுது, நீயே பேசு" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். பேசுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூன் 12

மனு முடிந்தது. அப்பாவுக்கு வந்திருப்பது ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். கை, கால், கழுத்து எல்லாம் வரிசையாகச் செயலிழந்து, இப்போது பேச்சும் குழறுகிறது. அம்மாவுக்கும் எனக்கும்தான் புரியும். அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா மில் வேலையை விட்டாள். கேட்பது ஒன்றுதான்: இப்படி வீட்டோடு இருந்து பார்ப்பவர்களுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும், உதவித்தொகை வேண்டும்.

ஜூலை 28

ஆகஸ்ட் 7 அன்று வரச் சொல்லிக் குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கொல்லையில் கட்டாமல் கிடந்த ஆட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ஆடு எழுந்து போய்விட்டது.

ஆகஸ்ட் 7

அம்மா விடியுமுன் எழுந்து அப்பாவுக்கு முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, பதக்கங்களைக் குத்தினாள். "ஆபீசருங்க முன்னால பரட்டையாவா போய் உக்காருவாக?" மாமாவும் ஆமாம் என்றார். அப்பாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது. எனக்கும்தான். தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கலெக்டர் ஆபீஸ் கூடம். குழுவில் நடுவில் இருந்தவர் மனுவைப் புரட்டினார். சக்கர நாற்காலியில் நிமிர்ந்திருந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா கம்பீரமாத்தானம்மா இருக்காரு? முழு நேரமும் கூட ஒரு ஆள் எதுக்கு?"

நான் பேச வேண்டும். மாமா பின்னாலிருந்து, "சொல்லு தாயி" என்று இடித்தார்.

அப்பா ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பா மறுபடியும் அதையே சொன்னார்.

"எங்கம்மாவ கைய எடுக்கச் சொல்றாரு" என்றேன். "கழுத்துக்குப் பின்னால பிடிச்சிருக்காங்க. எடுக்க மாட்டேங்குறாங்க."

அம்மா பக்கம் திரும்பினேன்.

"எடும்மா" என்றேன்.

எடுத்தாள். அப்பாவின் தலை அப்படியே மார்பில் விழுந்தது. பதக்கத்தின் மேல் எச்சில் வழிந்தது. அம்மா உடனே தூக்கிப் பிடித்து முந்தானையால் துடைத்தாள். குழுவைத் திட்ட வேண்டியவள் என்னைத் திட்டினாள்: "பாத்தாச்சா? போதுமாடி?"

அதற்குப் பிறகு பேசினேன். எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறோம், புரையேறாமல் எப்படி ஊட்டுகிறோம், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் — எல்லாம். நிறுத்தச் சொல்லும்வரை பேசினேன் போலிருக்கிறது. நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 8

அம்மா என்னோடு பேசவில்லை. அடுப்போடு பேசுகிறாள். "பெத்த அப்பன அம்புட்டுப் பேரு முன்னால தலைய தொங்கவிட்டுட்டா."

அவர் சொல்லித்தானே? ஆனால் அவர் சொன்னதை மாற்றி நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்? சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? — ஒன்றும் கிடைத்திருக்காது. அது மட்டும் தெரிகிறது.

அப்பாவிடமே கேட்டேன், தப்பாப்பா என்று. டீ வேண்டும் என்றார்.

டிசம்பர் 3

பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. இனிக் கண்தான். ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம்.

ஏப்ரல் 17, 2025

குழுவின் அறிக்கையைப் பேரவையில் வைத்துவிட்டார்களாம். மாமா எங்கள் மனு வரும் பக்கத்தைப் போனில் அனுப்பியிருந்தார். பரிந்துரைதான், அரசு ஆணை ஆகவில்லை, பணமும் இல்லை. சமயநல்லூரில் இதே நோயோடு ஒரு வீடு இருக்கிறதாம், அவர்களையும் சேர்த்துக்கொண்டு அடுத்த மனு போடலாம் என்றார். திங்கட்கிழமை போய் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'வீட்டிலிருந்து பராமரிப்பதை முழுநேர வேலையாகக் கருத வேண்டும்' என்ற இடத்தில் அம்மா குறுக்கே வந்தாள்.

"வேலைன்னா போட்டிருக்கான்? கட்டுன புருசனப் பாக்குறது ஒரு வேலையாடி?"

அப்பா அவளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

அம்மா கையிலிருந்த கஞ்சியைக் கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கினாள். பிறகு, "சரி, தள்ளு, ஆறிப் போகுது" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.