துர்ஷின் இளவரசரின் மகள்

லெனின்கிராத்
3 மார்ச் 1930

என் அன்பு அப்பாவுக்கு,

பெரியம்மா நலம். என் இருமல் போய்விட்டது. நீங்கள்தான் மூன்று வாரமாய் ஒரு வரிகூட எழுதவில்லை.

சரித்திர வகுப்பில் எங்கள் தெரு மருத்துவமனையைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அது முன்பு துர்ஷின் இளவரசர்களின் மாளிகை, அவர்கள் எத்தனை ஆயிரம் பண்ணையடிமைகளை வைத்திருந்தார்கள் என்று எதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன்.

"மாடியில நீல ஓடு போட்ட கணப்பு இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆசிரியை.

"எங்கப்பா அங்கதான் பொறந்தார்" என்றேன்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

உங்கள் லீதா

ப்ஸ்கோவ்
11 மார்ச்

லீதாக் கண்ணு,

உன்மேல் கோபமில்லை. பள்ளிப் படிவத்தில் 'தந்தை: எழுத்தரின் மகன்' என்று எழுதியவன் நான். அதை உன்னிடம் சொல்லாமல் விட்டதும் நான்தான். பழைய பிரபுக்களின் பிள்ளைகளுக்கு இந்த ஆட்சியில் பள்ளியில் இடமில்லை; இனி உன்னைப் படிக்க விடமாட்டார்கள்.

ஒரு வழி உண்டு. இப்போது பலரும் செய்வதுதான். இதை உன் கையால் எழுதிப் பத்திரிகை அலுவலகத்தில் கொடு: "லிதியா ஆகிய நான், முன்னாள் இளவரசரான என் தந்தை வசேவலத் துர்ஷினுடன் எல்லா உறவையும் முறித்துக்கொள்கிறேன்."

அதன்பின் எனக்கு எழுதாதே. நீ படிக்க வேண்டும், அம்மா.

அப்பா

லெனின்கிராத்
20 மார்ச்

அப்பா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

பத்திரிகை அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவி தன் அப்பா பெயரை முணுமுணுத்தாள். "சத்தமாச் சொல்லும்மா, காதலன் பேரையா சொல்ற?" என்றார் அறிவிப்புகளை வாங்கும் எழுத்தர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் முறை வந்ததும், "உனக்கு யாரு? அப்பாவா, தாத்தாவா?" என்றார்.

"யாருமில்லீங்க. எடம் மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியை புதுப் படிவம் தந்தார். துர்ஷின் இளவரசரின் மகள் என்றே எழுதினேன். "நல்லாப் படிக்கிற புள்ள, இப்படிப் பண்ணிட்டியேடி!" என்றவர், என் முகத்தைப் பார்க்காமலே பதிவேட்டில் என் பெயரை அடித்தார். பெரியம்மா இரண்டு நாளாய் என்னோடு பேசவில்லை. ஆனாலும் வழிக்கு முட்டை அவித்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நடைமேடையில் அந்தக் கால இளவரசர் பழக்கத்தில் எதிரே வரும் பெண்களுக்கெல்லாம் தொப்பியைக் கழற்றி வணங்கிக்கொண்டு நிற்காதீர்கள். மற்ற அப்பாக்களைப் போல, ரயில் தாமதமானதற்கு என்னைத் திட்டுங்கள்.

உங்கள் மகள்
லிதியா வசேவலதவ்னா துர்ஷினா