மூன்றாம் ஓலை

மதுரை,
14 அக்டோபர் 1946

அன்புள்ள மார்த்தாளுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. என் வீட்டில் இப்போதைக்கு அது இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் கடிதமும் கொழும்புத் தேயிலையும் வந்து சேர்ந்தன. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே விடுதிப் பிள்ளைகளின் சாயங்காலம் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் மழையில் இறங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம்.

யோவான் ஆண்டிச்சாமியை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சென்னையில் பி.ஏ. முடித்து வந்த வருஷம் எனக்கு நிச்சயிக்கப்பட்டவர். தடையுண்டோ என்று கேட்டு மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய எங்கள் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு சபையில் வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஞாயிறு வாசிக்கப்படவில்லை. என் அம்மா இருளாயி திருவாதவூரில் கூலிக்கு நாற்று நட்டவள் என்று அவர்கள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. போதகருக்கு ஒரு கடிதம் போயிற்று. தடை இருந்தால் சபையில் எழுந்து சொல்வதே முறை, எழுதியவர் எழவில்லை. காரணம் தெரியாத சபை தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டது. நடத்தை சரியில்லாதவள் என்ற பெயரோடு இதே ஊரில் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தினேன். அந்தக் கடிதத்தைப் போதகர் என்னிடமே கொடுத்துவிட்டார். எழுத்து ஆண்டிச்சாமியுடையது.

அந்த மாதங்களில் எப்படி எழுந்து நடமாடினாய் என்று பலமுறை கேட்டிருக்கிறாய். நான் சொன்னதில்லை. உனக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லை. அற்புதங்களைப் பற்றிச் சந்தேகம் உண்டு. ஜெபத்துக்குப் பதில் வருகிறது என்பதிலும் உண்டு. ஆனால் ஒரு நாள் யாருமில்லாத கோவிலில் ஞானஸ்நானத் தொட்டியின் முன் நின்றேன். விளிம்பு உடைந்த கல்தொட்டி. ஆண்டிச்சாமியின் தலையில் ஊற்றியதும், என் தலையில் ஊற்றியதும், என் அம்மா முப்பது வயதில் பயந்து பயந்து குனிந்தபோது ஊற்றியதும் அதிலிருந்து மொண்ட தண்ணீர்தான். அது பொய்யென்றால் அவருக்கும் பொய். மெய்யென்றால் எனக்கும் மெய். தர்க்கம் படித்தவள், இதில் ஓட்டை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடவுள் பேர் சொல்லி எடுத்துக்கொண்ட ஒருத்தியை வேறு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. மறுநாள் வகுப்புக்குப் போனேன்.

இப்போது ஆண்டிச்சாமி சபை மூப்பர். அவர் மகள் சீனியம்மாள் என் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழ் ஆசிரியையாக இருக்கிறாள். ரயில்வே குமாஸ்தா தானியேலுக்கு அவளைப் பேசி, இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. தானியேல் தாயை இழந்து மிஷன் விடுதியில் வளர்ந்தவன். ரயில்வே உத்தியோகம் என்றதும் அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அவனுடைய தாயும் திருவாதவூரில் நாற்று நட்டவள்தான். சீனியம்மாளுக்கு அது தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவர் குடையும் கையுமாக என் அறைக்கு வந்தார். "டீச்சரம்மா, பேச்சு ஒண்ணு காதுல விழுகுது. அந்தப் பய எந்த ஆளுகன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லிட்டீங்கன்னா, போதகருக்கு ரெண்டு வரி எழுதிச் சத்தமில்லாம முடிச்சிருவேன்" என்றார்.

சத்தமில்லாமல்!

"எங்க ஆளுகதான்" என்றேன். உட்காரச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தை மேசைமேல் விரித்தேன். தடை சொல்வதானால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். ரகசியமாக எழுதினால் நான் எழுந்து இதை வாசிப்பேன் என்றும் சொன்னேன்.

"எம்மக கலியாணம்மா. பழைய கோவத்த இதுலயா காட்டுறது?" என்றார்.

"பழசா? நேத்து எழுதுன மாதிரில்ல இருக்கு உங்க கையெழுத்து" என்றேன்.

நேற்று மூன்றாம் ஓலை. தடையுண்டோ என்று கேட்டுவிட்டுப் போதகர் நிறுத்தினார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி ஆண்டிச்சாமியின் முகத்தையே பார்த்தேன். கடிதம் என் வேதபுத்தகத்துக்குள் இருந்தது. அவர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். நெற்றி வியர்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் இருக்கும். மார்த்தாள், அந்த நிமிஷத்தைப் போல ருசியாக எதையும் நான் உண்டதில்லை. இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று இருந்தது.

வெளியே சீனியம்மாள் காத்திருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "கடுதாசி விஷயத்த அப்பாவே சொன்னாரு டீச்சர். அம்புட்டுப் பேரு முன்னால அவரு குறுகுனதப் பாத்தேன். நீங்க அவரப் பாத்ததையும் பாத்தேன். ஒருவேளை அவரு எந்திரிச்சுச் சொல்லியிருந்தா என் கலியாணமே நின்னுபோயிருக்கும். எனக்காகவா செஞ்சீங்க, உங்களுக்காகவா?" என்று கேட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "முதல்ல எனக்காகத்தான்" என்றேன். அவள், கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. ஒருவர்மேல் கசப்பை வைத்துக்கொண்டு திராட்சரசப் பாத்திரத்தைத் தொடலாகாது என்பது நம் சபையின் கட்டு. அவர் வருவார். நான் போவேனா என்று தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதுவாய். இந்த மாதம் மட்டும் எழுதாதே. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்காகவும் ஜெபி. ஆண்டிச்சாமிக்காகவும் நீ ஜெபிப்பாய் என்று எனக்குத் தெரியும். செய், என்னிடம் சொல்லாதே. அதைச் செய்யும்போது என் பெயரையும் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே சொல்.

உன் வீட்டாரைக் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
எஸ்தர்