சுங்கத்தான் சேந்தன் வாசலுக்கு ஒருவரும் வராத குளிர்காலம்

வடவெல்லைக் காவலும் மலைவாயில்களின் திறவுகோலும் உடைய வெண்கோட்டை நாச்சியார் இளஞ்செங்கண்ணி தேவியார் விடுக்கும் திருமுகம். கோநகர்ப் பேரமைச்சர் விண்ணந்தாயனார் கண்டுகொள்க. உமது களஞ்சியங்கள் நிறைக. உமது ஆறு ஓடுக, இங்குள்ளதோ பனி இளகத் தொடங்கியும் நடக்க மறுத்துக் கட்டியாய்க் கிடக்கிறது. உமது மூட்டுவலி தணிக.

வெண்பாறை ஊர்மன்றில் கூரைப்பனி உதிர்ந்துவிடும்போலக் கூச்சல் நடந்துகொண்டிருந்த வேளையில்தான் நாம் கவரிமாட்டின் முதுகைவிட்டு இறங்கினோம். நடுவில் நின்று கத்தியவன் நம் உப்புச் சுங்கத்தான் சேந்தன்.

“நாய்கூட என் வாசல மிதிக்கலையே. செத்துக் கெடந்தாலும் பனி உருகுனாத்தானே தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு” என்றான் அவன்.

“வராதேன்னு சொன்னது நீரு” என்றான் ஊர்த்தலைவன் பிட்டன்.

“நானா? எப்ப சொன்னேன்? யார்கிட்ட சொன்னேன்?”

“எல்லார்கிட்டயும்.”

இவ்வழக்கு உமக்குப் புதிதன்று. தன்னை இவ்வூரார் குளிர்காலம் முழுவதும் விலக்கி வைத்தார்கள் என்றும், அரசன் ஆளை விலக்குவது அரசனையே விலக்குவதாகும் என்றும், ஆகவே ஊருக்கு உப்பை நிறுத்தித் தன்னைத் தெற்கே மாற்றவேண்டும் என்றும் சேந்தன் உமக்கு முறையிட்டான். விசாரிக்கும்படி நீர் எமக்கு எழுதினீர். ஊர்வம்பில் எமக்கு ஆசை அதிகம் என்று அரண்மனையில் பேசிக்கொள்வதை அறிவோம். வம்புக்கு முத்திரை வைத்தால் அதற்கு அரசியல் என்று பெயர்; ஆதலால் வீடுவீடாக அடுப்படியில் அமர்ந்து, வெண்ணெய் மிதக்கும் வாற்கோதுமைக் கஞ்சியை முகஞ்சுளியாமல் குடித்து, வேண்டியதையும் வேண்டாததையும் கேட்டறிந்தோம்.

உங்கள் கூத்தர்கள் வடவனை மேடையேற்றினால் அவனைக் கம்பளியில் சுருட்டி நிறுத்தி, எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று சொல்லவைத்துச் சிரிக்கிறார்கள். அது முழுப் பொய்யன்று. வெண்பாறையான் ‘ம்’ என்றால் ஒப்புக்கொண்டான் என்று பொருள். ஒப்பாவிட்டால் அதையும் சொல்லமாட்டான். அவர்களோ நம்மவரைப் பற்றி, தெற்கத்தியான் பேச்சு வேர்வை மாதிரி, கேட்காமலே வரும், துடைக்கத் துடைக்க வரும் என்கிறார்கள். அதுவும் முழுப் பொய்யன்று.

சேந்தன் நெய்தற்கரையில் பிறந்தவன். மீன் வாங்கப் போனால் விற்பவளின் மூன்று தலைமுறைக் கதையோடு வீடு திரும்பும் இனம். பனி விழுந்து மலைவாயில் அடைபட்டால் அவனுக்கு உப்பு வரவுமில்லை, வணிகருமில்லை. மூட்டைகளும் அவனுமே மிச்சம். ஆயினும் இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் அவன் தனித்திருக்கவில்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், மண்சட்டியை ஏந்திக்கொண்டு வந்து, “அடுப்பு அணஞ்சுபோச்சு” என்று சொல்லி நிற்பார்கள். அவன் கங்கு எடுத்துக் கொடுப்பான். வாங்கியவர் உடனே போவதில்லை. உட்கார்ந்து, அவன் கடலைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டு, கங்கு சாம்பலான பிறகு புதுக்கங்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வீட்டு எயினி, கணவனை இழந்து கவரி மேய்த்து வாழ்பவள், அவளது அடுப்பு மற்றெல்லார் அடுப்பையும்விட அடிக்கடி அணைந்தது. அந்த ஊரிலேயே திறமாக அடுப்பு மூட்டுபவள் அவள் என்பதைச் சேந்தன் அறியான்.

அவன் மனத்தில் இரக்கமே பிறந்தது. பாவம், இத்தனை பனியில் கைப்பிடி நெருப்புக்காக முழங்காலளவு புதைந்து வருகிறார்களே என்று உருகினான். கோடையில் வணிகரிடம் சொல்லிவைத்து நல்ல சக்கிமுக்கிக் கற்களாக வரவழைத்து, வீட்டுக்கு ஒன்றாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, “இனி நீங்க எங்கயும் போய் நிக்கவேணாம்” என்று மனநிறைவோடு சொன்னான். எல்லாரும் ‘ம்’ என்றார்கள்.

அதன்பின் வந்த குளிர்காலத்தை அவன் வாயால் கேட்டோம். கஞ்சி காய்ச்சி இருவருக்கு ஊற்றிவைப்பான். இரண்டையும் அவனே குடிப்பான். உப்பு மூட்டைகளுக்குத் தன் ஊரார் பெயரையெல்லாம் சூட்டி, நாளுக்கொரு மூட்டையோடு பேசி, அத்தைமகன் பெயர்கொண்ட மூட்டையோடு மனத்தாங்கலாகி, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தானாம். நாம் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை. எயினி வீட்டுக் கூரையில் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். ஒரே ஒருநாள் தவிர அது நின்றதில்லை. நன்றாயிருக்கிறாள் என்று மகிழ்ந்ததாகச் சொன்னான்.

மன்றில் பிட்டன் எழுந்து, அவன் வாழ்நாளிலேயே நெடிய பேச்சைப் பேசினான்.

“சுங்கத்தாரே, இங்க யாருக்கும் அடுப்பு அணையாது. பொம்பள கருத்தறிஞ்ச நாள்லேருந்து நெருப்பக் காக்கத்தான் படிக்கிறா. ஒருத்தர பாக்கணும்னு இருந்தா நாங்களே தண்ணிய ஊத்தி அணச்சிட்டு வருவோம். சும்மா வந்தேன்னு எப்படிச் சொல்றது, வெக்கமா இருக்காதா? நீரு கல்லக் குடுத்தீரு. கல்லக் குடுத்தவர் வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கறது?”

ஒரு கிழவர், “எனக்குக் கடல் கதை பாதியில நின்னுபோச்சு” என்று முணுமுணுத்தார்.

எதிர்வாதம் ஏதும் உண்டோ என்று நாம் சேந்தனை முறைப்படி வினவியதற்கு, கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ம்” என்றான். பின் எம்மைத் தனியே அணுகி, முறையீட்டைக் கிழித்துப் போடுமாறும், இன்னொரு குளிர்காலம் இங்கேயே இருக்க அருளுமாறும் வேண்டிக்கொண்டான். அவன் பார்வை யாரைத் தேடிற்று என்பதைக் கவனியாதிருக்க நாம் குருடியல்லோம்.

எயினி மன்றில் இல்லை. கல்லை வாங்கிவிட்டதால் சுங்கத்தான் வீட்டுக்குப் போகவியலாத அக்குளிர்காலத்தில் அவள் ஒருமுறை அடுப்பை அணைத்துவிட்டு மேலைச்சரிவில் தனித்திருந்த வெண்ணெய்க்காரன் கொற்றன் வீட்டுக்குச் சட்டியோடு போனாள். அவனும் பேசாதவன், ஆயினும் இருக்கச் சொல்லி மணை போட்டான். பனி இளகிய முதல் வாரத்தில் மணம் முடிந்தது. நாமே இதைச் சேந்தனுக்குச் சொல்ல நேர்ந்தது. கேட்டுக்கொண்டு, நல்லவன்தான் கொற்றன் என்றான். பிறகு, இடமாற்றத்தை மட்டும் நிறுத்தவேண்டாம் என்றான்.

ஆகையால் ஆணையாவது: வெண்பாறைக்கு உப்பு முன்போலவே செல்க, ஊரார்மேல் குற்றமில்லை. அடுத்து வரும் சுங்கத்தான் எவனாயினும் அவன் புறப்படுமுன் எம்மிடம் வந்து இவ்வூர் வழக்கம் கேட்டுச் செல்க. சேந்தன் இத்திருமுகத்தை ஏந்திக்கொண்டே தென்துறைச் சுங்கத்துக்கு வருகிறான். அவனுக்குக் கடலைப் பார்த்த தனிமாளிகை ஏதும் தரவேண்டா. இருபுறமும் சுவர் ஒட்டிய வீடாக, ஒரு பக்கத்தார் சண்டையும் மறுபக்கத்தார் சமையலும் தெளிவாய்க் கேட்கும் தெருவில், காரணமின்றிக் கதவைத் தள்ளி உள்ளே வரும் மக்கள் நடுவே ஒதுக்குக. உம் முன்னே அவன் பேசாமலிருந்தால் வற்புறுத்தற்க.

இவை நம் சொல், நம் கைச்சாத்து, வெண்கோட்டை இலச்சினை.