கருப்பம்மாக்கா சுட்ட ரொட்டி

2025 ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று நாளாக மேகம் இறங்கிக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கடையில் ஒரு கைத்துணி காயவில்லை. சிலிண்டர்காரர் நாளைக்கு என்றார். அவருடைய நாளை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றேன். நாற்பத்தாறு வயதுக்கு இந்தக் களைப்பு அதிகம்தான்.

மாலை ஸ்வேதா போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பெண். ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து, குன்னூரில் கடை கடையாக நடத்திச் சாப்பிட வைத்து, ஒவ்வொரு கடைக்கும் பின்னால் இருக்கும் கதையைச் சொல்வதுதான் அவள் தொழில். வீடியோவும் போடுவாள். வர்க்கி போடும் பேக்கரி, வீட்டில் சாக்லேட் செய்கிறவர்கள் எல்லாம் முடிந்து இந்த வாரம் என் கடையாம். பன்னிரண்டு பேர். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தார்கள். ரொட்டியும் சம்பலும் பத்து நிமிடத்தில் காலி. ஸ்வேதா நடுவில் நின்று சொன்னாள்: “இது கோகிலா ஆன்ட்டி குடும்பத்து ரொட்டி. மூணு தலைமுறையா தேயிலைத் தோட்டத்துல சுட்டது.”

எங்கள் குடும்பம் பொள்ளாச்சி. தேயிலையை நான் டப்பாவில்தான் பார்த்து வளர்ந்தேன். கல்யாணம் ஆகித்தான் இந்த மலைக்கே வந்தேன். போன வாரம் போனில் ஸ்வேதா ஏதோ கேட்க, நான் அவசரத்தில் ‘ம், ம்’ என்றிருக்கிறேன். அதுதான் மூன்று தலைமுறையாக வளர்ந்துவிட்டது.

திருத்தியிருக்கலாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கருப்பம்மாக்கா உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருக்காது.

கேட்டிருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. இவர், என் வீட்டுக்காரர், குந்தாவில் பவர் ஹவுஸில் டியூட்டி. பாயசம் வைக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இங்கேயாவது உள்ளதை எழுதி வைக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துக்கொண்டது. காய்கறி லாரி வரவில்லை. பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்கள் கடை வாசலில் நாற்பது பேர். எனக்குத் தெரிந்ததெல்லாம் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும்தான், அரிசியும் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு ஞாயிறு. கருப்பம்மாக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாத்திரம் கழுவ வருகிறவர். மற்ற ஆறு நாளும் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பார். “மா இருக்காம்மா? தேங்கா இருக்கா?” என்று கேட்டார். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைக் கொட்டிப் பிசைந்து, கையாலேயே தட்டி, கல்லில் கனமாகச் சுட்டார். காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் வைத்து இடித்து ஒரு சம்பல். இலங்கைத் தோட்டத்தில் அவருடைய அம்மா விடிகாலையில் சுட்டு, வேலைக்குக் கட்டிக்கொண்டு போனது. எட்டு வயதில் கப்பலில் இந்தப் பக்கம் வந்தவருக்கு இந்த ரொட்டி மறக்கவில்லை.

மறு வாரம் நான் போர்டில் எழுதினேன். இப்போது எல்லோருக்கும் இது ரொட்டிக் கடை.

அவர் ஞாயிறன்று மாவு பிசைந்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவதால்தான் மற்ற நாளில் என்னால் சுட முடிகிறது. அப்போதும் அந்த ருசி வராது.

ஏப்ரல் 21, திங்கள்

சீசன் கூட்டம். இ-பாஸ் என்கிறார்கள், கெடுபிடி என்கிறார்கள், வண்டி மட்டும் குறையவில்லை. மே முடிகிற வரைக்கும் வார நாளிலும் வர முடியுமா என்று கருப்பம்மாக்காவைக் கேட்டேன். தயங்கினார். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டதாம். முட்டிவலிக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கினால் சில நாள் வரலாம் என்றார். வலி பொய்யில்லை, வருஷக்கணக்காக இருக்கிறது.

வாங்குங்க்கா என்று நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஸ்வேதாவின் வீடியோ வந்துவிட்டது. என் முகம் பெரிதாக. பொள்ளாச்சியிலிருந்து சித்தி வரைக்கும் போன். இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏன் கோகிலா, உங்க ஊட்டுல எப்ப ரொட்டி சுட்டாங்க? எனக்கு ஒரு நாளும் போடலியே.”

சிரிக்க முடியவில்லை. கருப்பம்மாக்கா இன்றைக்கு வழக்கம்போல வந்தார், வழக்கம்போலப் போனார்.

மே 5, திங்கள்

ஸ்வேதாவிடம் சொல்லிவிட்டேன். அந்த ரொட்டி என்னுடையது இல்லை, எல்லாம் கருப்பம்மாக்காவுடையது என்று. கோபப்படுவாள் என்று பயந்தேன். “ஆன்ட்டி, இது இன்னும் நல்ல கதை” என்றாள். புதனன்று கேமராவோடு வருகிறாளாம்.

மே 7, புதன்

கருப்பம்மாக்காவுக்கு இஷ்டமே இல்லை. “என்னயக் காட்டி என்னம்மா ஆகப் போவுது” என்றார். விடவில்லை. என் கடுகு நிறச் சேலையைக் கட்டவைத்து, தலை வாரிவிட்டு, கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரே ஒரு தடவை கேட்டார்: “நம்ம எஸ்டேட்டு ஆளுக பாக்க மாட்டாகளே?”

“அவங்க எங்கீங்க்கா இதெல்லாம் பாக்கறாங்க? பாத்தாலும் பெருமைதானுங்க.”

பேச ஆரம்பித்தபின் நன்றாகப் பேசினார். கப்பலில் வந்ததை, கரையிறங்கியதும் மண்டபம் முகாமில் கியூவில் நின்றதை. ஸ்வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

மே 15, வியாழன்

முந்தாநாள் வீடியோ போட்டுவிட்டாள். எங்கே திரும்பினாலும் அதுதான். இரண்டு பெண்கள் ஈரோட்டிலிருந்து அவரைப் பார்க்கவே வந்தார்கள். ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

மே 19, திங்கள்

கருப்பம்மாக்கா நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. போனை அவர் வீட்டுக்காரர் அய்யாவு எடுத்தார். “வர முடியாதும்மா” என்றார். ஏன் என்று கேட்பதற்குள் இருமல். வைத்துவிட்டார்.

மே 20, செவ்வாய்

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பஸ்ஸில் அரை மணி, அப்புறம் தேயிலைக்கு நடுவே இறக்கம். ஒட்டி ஒட்டி வரிசையாக லைன் வீடுகள், அவர் வாயில் லயம். நாலாவது கதவு. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும், ஃபீல்டு ஆபீசர் போனைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வீடியோவின் தொடக்கத்திலேயே ஸ்வேதா சொல்கிறாள்: இன்று மே ஏழு, புதன்கிழமை. எஸ்டேட் ரிஜிஸ்டரில் அதே நாளில் கருப்பம்மாக்கா மெடிக்கல் லீவு. நடக்க முடியாத முட்டியோடு குன்னூரில் நின்று ரொட்டி சுடுகிறார்.

வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணையாம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகன் ஏதாவது ஒரு வீடு பார்த்துவிடுவான் என்று இருந்தவர்கள்.

என்னைத் திட்டுவார் என்று போனேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன், உங்க பேரு வெளியில தெரியணும்னுதானுங்க்கா என்று. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“பேரு வேணும்னு நான் கேக்கலியேம்மா. வீடு இருந்தாப் போதும்னுதான் இருந்தேன்.”

மே 22, வியாழன்

எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மானேஜர் பாலசுப்பிரமணியம் உட்காரச் சொன்னார். “வீடியோ நானும் பாத்தேனுங்க. நல்லாவே இருந்துச்சு” என்றார். ஆனால் முந்நூறு பேர் வேலை செய்கிற இடம், ஒருவரை விட்டால் நாளைக்கு எல்லோரும் சீட்டோடு நிற்பார்கள் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று நினைக்க வைக்கிற மாதிரி ஒரு நிதானம்.

தப்பு என்னுடையது, நான்தான் வரச் சொன்னேன் என்றேன். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்று காகிதத்தை நகர்த்தினார். பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. நான் எழுதினால், கருப்பம்மாக்கா லீவு போட்டுவிட்டு என் கடையில் வேலை பார்த்தார் என்பதற்கு அதுவே சாட்சி. எழுதாமல் எழுந்து வந்தேன்.

எது செய்தாலும் அவர் தலையிலேயே போய் விழுகிறது.

மே 25, ஞாயிறு

பேய் மழை. கரண்ட் இல்லை. இவர் வந்திருந்தார். எல்லாம் சொன்னேன். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால்—

“அவங்களுக்காகவா பண்ணுனே? உனக்கு மனசு உறுத்துச்சு, அதுக்குப் பண்ணுனே. அவங்கள ஒரு வார்த்தை சரியாக் கேட்டியா?”

கத்தினேன். நீங்க வாரத்துக்கொருக்கா வந்து நாயம் பேசிட்டுப் போயிருவீங்க, இங்க ஒத்தையில கெடந்து சாகறது நானுன்னு. அவர் சொன்னது நிஜம் என்பதால்தானே கத்தினேன்? அந்தச் சேலையைக் கட்டிவிட்டபோது கருப்பம்மாக்கா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். வெட்கம் என்று வைத்துக்கொண்டேன்.

மே 31, சனி

ஸ்வேதா வீடியோவை நீக்கிவிட்டாள். போனில் அழுதாள். அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

முடிந்தது. யூனியன்காரர்கள் பேசியதில் டிஸ்மிஸ் இல்லை. கருப்பம்மாக்கா தானாக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சேர வேண்டிய பணம் வந்துவிடும். ஜூலை பத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அய்யாவுக்குத் திருப்பூர் வெயில் ஆகாது, மகனுக்கும் அங்கே ஒரே அறைதான்.

ஜூன் 12, வியாழன்

நானே பிசைந்து சுட்டேன். காய்ந்து விறகு மாதிரி வந்தது. “அந்த அம்மா இல்லீங்களா?” என்று ஒருவர் கேட்டார். போர்டில் ரொட்டியை அழித்தேன். மறுபடியும் எலுமிச்சைச் சாதம்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி லைனுக்குப் போனேன். கடைக்கு மேலே சாமான் போட்டு வைத்திருக்கும் அறையை வெள்ளையடித்துத் தருகிறேன், இரண்டு பேரும் வந்து இருங்கள், வாடகை வேண்டாம், கடையிலேயே முழு நாளும் வேலை என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு. இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அய்யாவு அவரைப் பார்த்தார். கருப்பம்மாக்கா கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

“வேணாம்மா. ஒங்க வீட்டுல இருந்துக்கிட்டு, ஒங்க கடையில வேல செஞ்சா, அதுவும் லயம்தானே? வேல இருக்குற வரைக்கும் வீடு. நாளைக்கு என் கை ஓஞ்சு போச்சுன்னா?”

நான் அப்படியெல்லாம் செய்வேனா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கோபமா என்று மட்டும் கேட்டேன். “இருக்கு” என்றார். அப்புறம், “மழ வர்றதுக்குள்ள பஸ்ஸுக்குப் போங்க” என்றார்.

ஜூன் 28, சனி

அருவங்காடு போகிற வழியில், எங்கள் கடையிலிருந்து பத்து நிமிட இறக்கத்தில், ரோட்டை ஒட்டி இரண்டு அறை பார்த்திருக்கிறார் கருப்பம்மாக்கா. தானாகப் போய்க் கேட்டிருக்கிறார். வீட்டின் சொந்தக்காரர், தெரிந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாராம். என்னைக் கேட்கவில்லை. இவருக்குப் போன் செய்திருக்கிறார். குந்தாவிலிருந்து லீவு போட்டு வந்து இவர் கையெழுத்துப் போட்டார். வாடகை ஒப்பந்தம் கருப்பம்மாக்கா பெயரில். இவர் என்னிடம் சொன்னதே சாப்பிட உட்கார்ந்த பிறகுதான்.

வருத்தமாக இருந்தது. சரியாகவும் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

குடி போய்விட்டார்கள். காலையில் கடைக்கு வந்து, “அந்த ரொட்டிக் கல்ல எனக்குக் குடுத்துடுங்கம்மா” என்றார். கேட்பது அவர் உரிமை என்கிற குரல். இறக்கி, தேய்த்து, ஆட்டோவில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முன் அறையில் அடுப்பு, இரண்டு பெஞ்சு. பின் அறையில் அய்யாவுக்குக் கட்டில். போர்டு எதுவும் இல்லை.

ஜூலை 19, சனி

கருப்பம்மாக்கா கடையில் ஆள் நிற்கிறது. அருவங்காடு ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே ரொட்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கே வந்து கேட்கிறவர்களுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். ஸ்வேதா தன் ஆட்களை அங்கே கூட்டிப்போகலாமா என்று என்னைக் கேட்டாள். என்னை எதற்குக் கேட்கிறாய், அவரைக் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஜூலை 30, புதன்

கூட்டம் இல்லை. சாதம் மிஞ்சியது. அலுப்பு.

ஆகஸ்டு 10, ஞாயிறு

மதியம் ஒரு குடும்பம் வந்து, கீழே ரொட்டிக் கடை பூட்டியிருக்கிறதே, உங்களிடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். அய்யாவுக்கு ஏதாவதா? ஆஸ்பத்திரியா? இரண்டு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

பக்கவாட்டுக் கதவு திறந்தே இருந்தது. அய்யாவு வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்றார். போன வாரத்திலிருந்து அவள் வைத்துக்கொண்ட வழக்கம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் பாய் விரித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, கருப்பம்மாக்கா தூங்கிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கும் மேலாக எனக்குத் தெரிந்தவர். அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

“இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பவாம்மா?” என்று அய்யாவு கேட்டார்.

“வேண்டாமுங்க.”

அவர் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, டம்ளரை ஓசைப்படாமல் கழுவி வைத்துவிட்டு ஏறி வந்தேன். வழியில் இரண்டு பேர் கடை உண்டா என்று கேட்டார்கள். இன்றைக்கு இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து நானும் படுத்துவிட்டேன்.